பத்து சிவப்புப் பாயிண்டுகள்

கொங்குத்தாமரை நிட்வேர் கம்பெனிக்கு யுபிஎஸ் வந்து இறங்கிய நாளில் நடந்த அமர்க்களம், முதலாளி வீட்டுக் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை. வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். பெட்டிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போவதற்கென்று விட்டிருந்த ஓட்டைகளின் மேலேயே யாரோ விபூதியைக் குழைத்து மூன்று கோடு இழுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் செக்ஷனைப் பார்த்துக்கொள்ளும் குமாரசாமி, எல்லோரும் கேசரி சாப்பிடப் போன சமயம் பார்த்து அதைத் துடைத்துவிட்டான். துடைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அபசகுனம் என்று அதற்கொரு பூசணிக்காய் உடைப்பார்கள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் கரண்டு இருந்தால்தான் ஆச்சரியம். கரண்டு போனதும் ஜெனரேட்டர்காரர் கொட்டகைக்கு ஓடுவார். அவர் ஓடி, அது உறுமி, வெளிச்சம் வர ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த ஒன்றரை நிமிஷம் கம்ப்யூட்டர் அணையாமல் பார்த்துக்கொள்வதும், ஜெனரேட்டர் எழும்போது துள்ளிக்கொண்டு வருகிற கரண்டை அடக்கி அனுப்புவதும்தான் யுபிஎஸ்ஸின் வேலை. வேறு வேலை அதற்குக் கிடையாது. பாவம், அதுவும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு வரி. பனியன் வாங்குகிற ஜெர்மன்காரர்கள் கடிதத்தின் கடைசியில், மின்சாரக் கோளாறிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள். யுபிஎஸ் வாங்கியாச்சு என்று ஒரு வரியில் பதில் போட்டால் முடிந்தது. குமாரசாமி அப்படித்தான் எழுதிக்கொண்டு போனான். முதலாளி தங்கதுரை அதை வாங்கி, சென்னையிலிருந்து வரவழைத்திருந்த ஆலோசகர் இளங்கோவிடம் நீட்டினார். இளங்கோ படித்துவிட்டு, சாப்பாட்டில் கல் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"சார், யுபிஎஸ் யார் வேணா வாங்கலாம். இட்லிக் கடைக்காரன்கூட வாங்குறான். யுபிஎஸ்ஸுக்குப் பாலிசி எழுதுறவன்தான் எக்ஸ்போர்ட்டர்."

அன்றே மின்காப்புக் கமிட்டி பிறந்தது. தலைவர் தங்கதுரை. துணைத் தலைவர் வெள்ளியங்கிரி. முதலாளிக்குப் பெரியப்பா மகன், நிர்வாகம் அவர் கையில். பங்காளிக்குப் பதவி கொடுத்துவிட்டு மச்சானைச் சும்மா விட முடியுமா? முதலாளியம்மாவின் தம்பி தரணி உறுப்பினரானார். இளங்கோ ஆலோசகர். நான்கு பேரும் பேசுவார்கள் என்பதால் எழுதுவதற்கு ஒருவர் வேண்டும். குமாரசாமி செயலாளரானான். கூப்பிட்டதற்கு அவன் வராமல் இருந்ததும் கிடையாது, சொன்னதற்கு இல்லீங்க என்று சொன்னதும் கிடையாது. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவன் சம்பாதித்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

கமிட்டி இருபத்தோரு படிவங்களைப் பெற்றெடுத்தது. மி.கா. ஒன்று முதல் மி.கா. இருபத்தொன்று வரை. திங்கட்கிழமை காலையில் தைக்கிற பெண்கள் ஐந்நூறு பேரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி, மின்சாரம் தடைப்பட்டாலும் என் மனம் தடைப்படாது என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒரு தடவை பாதி உறுதிமொழியில் கரண்டு போய்விட்டது. கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஐந்நூறு பேரும் இருட்டில் கையை நீட்டியபடியே நின்றார்கள்.

யுபிஎஸ்ஸிலிருந்து பத்து இணைப்புகள் எடுக்கலாம் என்றார்கள். சாதாரணப் பாயிண்டோடு குழம்பக் கூடாது என்று அந்தப் பத்துக்கும் சிவப்பு வர்ணம் பூசினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. குமாரசாமி ஒரு காகிதத்தில் சர்வர், பேக்கிங் கம்ப்யூட்டர், ஷிப்பிங் கம்ப்யூட்டர், பேக்கப் டிரைவ் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தான். கமிட்டி அந்தக் காகிதத்தின் மேல் வடைத் தட்டை வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தது.

முதல் இரண்டு பாயிண்ட் தங்கதுரைக்கு. ஒன்றில் மீன் தொட்டி மோட்டார், இன்னொன்றில் அவர் சீட்டாடுகிற கம்ப்யூட்டர். மூன்றாவது வெள்ளியங்கிரியின் கால் அமுக்குகிற மெஷினுக்கு. பங்காளிக்குக் கொடுத்த பிற்பாடு மச்சானுக்கு இல்லை என்றால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. எனவே நான்காவது தரணியின் காபி மெஷினுக்கு. மச்சான் காபி மெஷின் வைத்திருக்கும்போது பங்காளி வெறும் காலோடு நிற்பதா என்று வெள்ளியங்கிரிக்கு ஐந்தாவது. சரிக்குச் சரியாகத் தரணிக்கு ஆறாவது. ஏழாவது சாமி படத்துச் சீரியல் லைட்டுக்கு. எட்டாவது இளங்கோவின் லேப்டாப்புக்கு. ஒன்பதாவது முதலாளியின் சம்பந்திக்கு. சம்பந்தி கம்பெனிக்கு வருவது வருஷத்தில் ஒரே நாள், தீபாவளிக்கு மறுநாள். மீதி நாளெல்லாம் அந்தப் பாயிண்ட் பிளாஸ்டிக் கவர் போட்டு விருந்தினர் அறையில் சும்மா இருக்கும். வேறு யாரும் அதில் செல்போன்கூடப் போடக் கூடாது. பத்தாவது மிச்சம் விழுந்ததால் சர்வருக்குக் கிடைத்தது.

"கரண்டு மின்வாரியத்துதுங்க. வரும், போகும். மரியாதை நம்முளுது. அது போனா வராதுங்க," என்று தங்கதுரை கூட்டத்தை முடித்தார். குமாரசாமி அதை அப்படியே மினிட்ஸில் எழுதினான்.

சர்வரில் இருக்கிற கம்பெனிக் கணக்கையெல்லாம் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் டிரைவுக்குப் பாயிண்ட் இல்லை. சாதாரணப் பாயிண்டில் போடுவதற்குப் பாலிசி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேக்கப் எடுக்கப்பட்டது என்று தினமும் கையெழுத்துப் போடும் மி.கா. ஒன்பதாம் படிவம் மட்டும் இருந்தது. குமாரசாமி இரண்டு தடவை இளங்கோவிடம் கேட்டான். கையெழுத்து விடுபட்டால் ஆடிட்டில் மாட்டும், பேக்கப் விடுபட்டால் ஆடிட்டில் தெரியாது என்று இளங்கோ விளக்கினார். குமாரசாமி தினமும் கையெழுத்துப் போட்டான். முதல் நாள் கை கொஞ்சம் கூசியது. பத்து நாளில் பழகிவிட்டது. ஒரு நாள் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தபோது மறுநாளுக்கும் சேர்த்தே போட்டுவிட்டான். பிறகு அதுவும் பழக்கமாகிவிட்டது.

கம்ப்யூட்டர் அறையைக் கூட்டித் துடைப்பது மருதாள். வேலம்பாளையத்திலிருந்து வருவாள், ஒன்பது வருஷமாக. சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த புருஷனுக்கும் படிக்கிற மகளுக்கும் அவள் சம்பளம்தான் சோறு. குமாரசாமி அவளை மருதாக்கா என்பான். அவளுக்கு அவன் சார். அவளுக்கு லீவு வேண்டுமென்றால் காகிதமெல்லாம் கிடையாது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுவாள், அவன் தலையாட்டுவான், அவ்வளவுதான். துடைக்கிறவர்களுக்கென்று இருபத்தோரு படிவத்தில் ஒன்றுகூட இல்லை.

கமிட்டிக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆடிட் ஒரு வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் மருதாள், சேவூரில் தங்கச்சி மகளுக்குச் சீர் இருக்கிறது, நாளைக்கு ஒரு நாள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவனும் போயிட்டு வாங்க என்று சொல்லியிருந்தான். ஆடிட் நாளில் இளங்கோ ஒரு பெரிய வித்தை வைத்திருந்தார். பதினோரு மணிக்குக் கரண்டு கட்டாகும் என்று பேப்பரிலேயே போட்டிருந்தது. பத்தரைக்கு ஆரம்பித்து, ஆடிட்டர் அம்மாவுக்கு முன்னால் மின்காப்புப் பாலிசியைத் திரையில் ஓட்டுவது. பேச்சின் நடுவே கரண்டு போகும். எல்லாம் இருட்டும். திரை மட்டும் எரியும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பத்து இருபதுக்குப் புரொஜெக்டரைக் கொண்டுவந்து வைத்தபோதுதான், அதற்குச் சிவப்புப் பாயிண்ட் இல்லை என்பது தெரிந்தது. கமிட்டி வராந்தாவில் நின்றபடியே அவசரக் கூட்டம் போட்டது. மீன் தொட்டியை நிறுத்தினால் மீன் செத்துவிடும், ஆடிட்டர் வந்த நேரத்தில் சாவு கூடாது. வெள்ளியங்கிரி தன் பாயிண்டைத் தரத் தயார்தான், மச்சான் முதலில் தந்தால். தரணியும் தயார்தான், பங்காளி முதலில் தந்தால். சாமி லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. குமாரசாமி மெதுவாக, விருந்தினர் அறைப் பாயிண்ட் காலியாகத்தானே இருக்கிறது, ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்றான். தங்கதுரை வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டார்.

"சம்பந்தி காதுக்குப் போனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா, குமாரசாமி? சர்வரைக் கழட்டிப் போடுங்க. அதுக்கென்ன, கோவிச்சுக்கப் போகுதுங்களா?"

சர்வர் பேரில் ஒரே ஒரு தப்புதான் இருந்தது. பத்துப் பாயிண்டில் சொந்தபந்தம் இல்லாத ஒரே ஜீவன் சர்வர்தான். அதற்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை, தீபாவளிக்கு வருகிற சம்பந்தியும் இல்லை. குமாரசாமி கடைசியாக ஒன்று கேட்டான். சர்வரை முறையாக நிறுத்திவிட்டுக் கழற்றலாமா என்றான். பேக்கிங் ஹாலில் நாலாயிரம் பெட்டிக்கு லேபிள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஆடிட்டர் வரும்போது எந்த மெஷினும் நிற்கக் கூடாது என்று இளங்கோ சொல்லிவிட்டார். சர்வரின் இரண்டாவது ஒயரைச் சாதாரணப் பாயிண்டில் செருகி, அது ஒரு நொடியும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, குமாரசாமியே தன் கையால் சிவப்புப் பாயிண்டிலிருந்து சர்வரைப் பிடுங்கி, அந்த இடத்தில் புரொஜெக்டரின் நீளமான ஒயரைச் செருகினான். அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, இளங்கோ இடைவிடாத மின்சாரம் என்ற படத்தைத் திரையில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கமிட்டி முழுவதும் கரண்டு போவதற்காகச் சாமியைக் கும்பிட்டது. திருப்பூர் வரலாற்றிலேயே கரண்டு போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். சரியாகப் பதினொன்றுக்குப் போயிற்று. ஹால் இருண்டது. தையல் மெஷின்கள் ஒரே மூச்சில் அடங்கின. திரை மட்டும் ஜம்மென்று எரிந்தது. கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது, ஆடிட்டர் அம்மாவும் சேர்ந்து தட்டினார். குமாரசாமியும் தட்டினான். தட்டிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தான்.

ஒன்றரை நிமிஷத்தில் ஜெனரேட்டர் எழுந்தது. துள்ளி வந்த கரண்டை அடக்குவதற்கு சர்வருக்கு முன்னால் எதுவும் இல்லை. அவன் அறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தபோது சர்வர் எரிந்த வாசனை அடித்தது. பட்டனை அழுத்தினான். இன்னும் ஒரு முறை அழுத்தினான். நாலாயிரம் பெட்டி லேபிள், பேக்கிங் லிஸ்ட், அந்த மாதத்து வருகைப் பதிவு எல்லாம் அதற்குள் இருந்தன. அங்கே ஹாலில் கை தட்டல் இன்னும் ஓயவில்லை.

கப்பலில் போக வேண்டிய பனியன்கள் பத்து நாள் கழித்து விமானத்தில் போயின. ஜெர்மன்காரர்கள் இன்னொரு வரி எழுதினார்கள். என்ன நடந்தது, மூல காரணம் என்ன?

கமிட்டி கூடியது. இந்த முறை பஜ்ஜி. இளங்கோ மூல காரண ஆய்வு பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அதில் குமாரசாமிக்கு ஒன்று மட்டும்தான் மனதில் நின்றது.

"மூல காரணம் எப்பவும் கமிட்டிக்கு வெளியேதான் இருக்கணும் சார். உள்ளே இருந்தா அதுக்குப் பேரு மூல காரணம் இல்லை, அவமானம்."

வெளியே யார் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைகிற கமிட்டி அல்லாத ஆள் ஒருத்திதான். ஈரத் துணியால் துடைக்கும்போது சுத்தம் செய்யும் பணியாளர் கவனக்குறைவாக ஒயரை இழுத்துவிட்டார் என்று இளங்கோ சொல்லச் சொல்லக் குமாரசாமி எழுதினான். இரண்டாவது வரியில் அவன் பேனா நின்றது. இளங்கோ அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போய், மி.கா. ஒன்பது ஃபைலைப் புரட்டிக் காட்டினார். நூற்று நாற்பது நாள், நூற்று நாற்பது கையெழுத்து. அதில் ஆடிட்டுக்கு மறுநாள் தேதியிலும் ஒன்று இருந்தது. சர்வர் செத்த மறுநாளும் பேக்கப் எடுத்திருக்கிறான்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு, குமாரசாமி," என்று மட்டும் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

அவன் உள்ளே போய் மிச்ச வரிகளை எழுதி முடித்தான். வீட்டில் மனைவி சித்ரகலா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்குத் தலைவலி என்றான்.

மறுநாள் மருதாளைக் கூப்பிட்டார்கள். கான்பரன்ஸ் அறைக்குள் அவள் ஒன்பது வருஷத்தில் துடைப்பத்தோடுதான் வந்திருக்கிறாள். வெறுங்கையோடு வந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். தங்கதுரை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. குமாரசாமி அறிக்கையைப் படித்தான். தலையைத் தூக்காமல் படித்தான். முடித்ததும் அவள் அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் வரவே இல்லீங்களே. சேவூர்ல தங்கச்சி புள்ளைக்குச் சீருன்னு கேட்டனுங்க. நீங்கதானுங்க போயிட்டு வாங்கன்னீங்க."

தரணி காபியைக் கீழே வைத்தார். வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். வருகைப் பதிவு சர்வரில் இருந்தது. சர்வர் இல்லை. வெள்ளியங்கிரி நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"பதிவு இல்லீங்களே, அம்மிணி. பதிவு இல்லீன்னா வந்தீங்கன்னும் சொல்ல முடியாது, வல்லீன்னும் சொல்ல முடியாது. ரெண்டுல எது கமிட்டிக்குச் சௌகரியமோ அதைத்தான் எடுத்துக்கோணும். பாலிசிலயே இருக்குதுங்க."

பாலிசியில் அப்படி இருப்பது வாஸ்தவம்தான். குமாரசாமிதான் டைப் அடித்திருந்தான்.

தங்கதுரை அவன் பக்கம் திரும்பினார். லீவு கொடுத்தீங்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு மேஜை மேல் இருந்த மி.கா. ஒன்பது ஃபைலின் மீது ஒரு விரலை வைத்துக்கொண்டார். அது தற்செயலாகத்தான் இருக்கும் என்று குமாரசாமி பிற்பாடு பல நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷமாக எதற்கெடுத்தாலும் அவன் வாயில் வந்து நிற்கிற வார்த்தை. அன்றைக்கு மட்டும் அது வரவில்லை.

"சரியா ஞாபகம் இல்லீங்க," என்றான்.

மருதாள் அவனையே பார்த்தாள். அவள் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பார்வையில் கோபம் இல்லை. நடுச்சந்தையில் ஒருவர் வேட்டி அவிழ்ந்துபோனதைப் பார்த்துவிட்டவள் மாதிரி அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செரிங்க. சாருக்கு ஞாபகம் இல்லீன்னா நான் வந்திருப்பேனாட்ட இருக்குதுங்க. நாந்தான் நாளை மாத்தி நெனைச்சுக்கிட்டேன். எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

குமாரசாமி இடத்தைக் காட்டினான். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்று தங்கதுரை ரொம்பவும் மரியாதையாகச் சொன்னார். எழுந்து நின்றே சொன்னார். அவளும் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே போனாள்.

அவன் பின்னாலேயே ஓடினான். பேக்கிங் ஹால் வாசலில் பிடித்துவிட்டான். மருதாக்கா என்றான். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட, என்ன செய்தோம் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

"உடுங்க சார். அத்தன பேரு முன்னால உங்களைப் பொய்யாக்கறது எப்புடிங்க? எனக்கே கூச்சமாப் போச்சு," என்றாள். சோற்றுத் தூக்குப் போசியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"நான் காஞ்ச துணியிலதானுங்க தொடைப்பேன். ஈரத் துணி அங்க ஆகாதுங்க. புதுசா வாரவங்ககிட்டச் சொல்லிப் போடுங்க."

அவன் தலையாட்டினான். அவள் போய்விட்டாள்.

அவன் கான்பரன்ஸ் அறைக்குத் திரும்பியபோது மின்காப்புச் சான்றிதழ் சட்டம் போட்டு வந்திருந்தது. பின்னால் லைட் எரிகிற சட்டம். அதற்கு ஒரு சிவப்புப் பாயிண்ட் வேண்டும். புதிதாக வாங்கும் சர்வர் சாதாரணப் பாயிண்டிலேயே இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. அவனுக்கென்று ஒரு தட்டில் பஜ்ஜியை எடுத்து வைத்திருந்தார்கள். ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய கடைசிப் படிவம் மட்டும் பாக்கி, மி.கா. இருபத்தொன்று, சம்பவச் சேத விவரம். குமாரசாமி உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தான். நாள், நேரம், மூல காரணம், எடுக்கப்பட்ட நடவடிக்கை. சேதமடைந்தவை என்ற இடத்தில் சர்வர், ஒன்று என்று எழுதினான். அதற்குக் கீழே, வேறு சேதம் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது.

அங்கே பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தங்கதுரை பஜ்ஜியை மென்றபடி, என்னங்க, முடிஞ்சுதுங்களா என்று கேட்டார்.

முடிஞ்சுதுங்க என்றான் குமாரசாமி. கட்டத்தில் இல்லை என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டான்.